மாவை மாற்றுவதற்கு முன் யாரிடம், எப்படிக் கேட்பது?

வறுத்த அரிசிமா, மிளகாய்த்தூள், சத்துமா, ஒடியல்மா, மோர்மிளகாய், வறுத்த கச்சான் என்று உணவுப்பொருள்களைப் பொதிசெய்து விற்கும் சிறு உற்பத்தியாளர்கள் இன்று இலங்கையின் வடக்கே வன்னியில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமாகவோ, கூட்டுறவாகவோ, ஒரு குடும்பத்தின் பின்வளவுக் கொட்டிலிலோ தொடங்கிய இம்முயற்சிகளுக்கு முதலாம் ஆண்டு பெரும்பாலும் நல்லபடியாகவே கழிகிறது. உறவினரும் ஊரவரும் வாங்குவார்கள். அதிகாரிகள் கண்காட்சிக்கு அழைப்பார்கள். அதற்குப் பிறகு விற்பனை ஓரிடத்தில் நின்றுவிட, எதை மாற்றுவது, எதைப் புதிதாகச் செய்வது, எதைக் கைவிடுவது என்ற கேள்வி எழுகிறது. வாடிக்கையாளரைக் கேளுங்கள் என்ற ஆலோசனை பயிற்சிப் பட்டறைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. கேட்பதற்கு வழிகள் பல உண்டு என்பதும், அவை எல்லாம் ஒரே விடையைத் தருவதில்லை என்பதும் அங்கே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஒப்பிடுவதற்கு ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். கரைச்சிப் பிரதேசத்தில் ஒரு மாதர் சங்கம் சிவப்புப் பச்சையரிசியை ஊறவைத்து, அரைத்து, வறுத்து, அரைக் கிலோ, ஒரு கிலோப் பொதிகளாகக் கிளிநொச்சி, பரந்தன், விசுவமடுக் கடைகளுக்குக் கொடுக்கிறது. கையிலுள்ள பணம் ஒரேயொரு மாற்றத்துக்குத்தான் போதும். மாவை இன்னும் மென்மையாக்குவதற்கு அரிக்கும் இயந்திரம் வாங்கலாம். திறந்து மூடக்கூடிய, வர்ணத்தில் அச்சிட்ட பொதிக்கு மாறலாம். குரக்கன்மாவையும் செய்யத் தொடங்கலாம். வெளியே சென்று பேசக்கூடிய அங்கத்தவர்கள் இருவர் இருக்கிறார்கள். காலபோக அறுவடை தொடங்குவதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். இந்தச் சங்கம் வாடிக்கையாளர்களைக் கூட்டமாக அழைத்துக் கேட்கலாம், வினாக்கொத்து அச்சடித்துக் கொடுக்கலாம், வீடு வீடாகச் சென்று தனித்தனியே பேசலாம், கடைக்காரரைக் கேட்கலாம், அல்லது எதையும் கேளாமல் புதிய பொருளில் கொஞ்சம் செய்து விற்றுப் பார்க்கலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நிலையில் உள்ள ஒருவர் முதலில் செய்ய வேண்டியது, மாவை வாங்குகிறவர்களின் வீட்டுக்கே சென்று, ஒவ்வொருவராக, அவர்கள் சென்ற முறை என்ன செய்தார்கள் என்பதைப் பற்றிப் பேசுவதாகும். மற்றைய வழிகளுக்கும் இடமுண்டு. ஆனால் அவை இதற்குப் பின்னால் வர வேண்டியவை. இந்த வரிசையை மாற்றினால், பிழையான கேள்விக்குத் திருத்தமான விடை கிடைத்துவிடும் ஆபத்து இருக்கிறது.

கூட்டம் போடுவதுதான் எங்கள் பகுதியில் எல்லோருக்கும் பழக்கமான வழி. பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு பிற்பகல், தேநீரும் வடையும், வரவுப் பதிவேடு, ஒரு புகைப்படம் என்று ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். 2009க்குப் பின் மீள்குடியேறிய காலத்தில் வன்னி மக்கள் பங்குபற்றிய கூட்டங்களுக்குக் கணக்கில்லை. உங்கள் தேவைகள் என்ன என்று கேட்டு, சொன்னதை எழுதிக்கொண்டு போய், பிறகு ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்த அமைப்புகள் பல. அதனால் இவ்வகைக் கூட்டத்தில் என்ன சொன்னால் பயன் வரும், எதைச் சொல்லாமல் விடுவது நல்லது என்பதை மக்கள் நன்றாகக் கற்றிருக்கிறார்கள். அது அவர்களுடைய குறை இல்லை. அவர்களை அப்படிக் கேட்டுப் பழக்கியவர்களின் விளைவு. சங்கத் தலைவியோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ முதலில் வாய் திறந்தால், மற்றவர்கள் அதை ஒட்டியே பேசுவார்கள். மா செய்தவர்கள் எதிரே இருக்கையில், மா புளித்த மணம் வந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள்; சொன்னால் நாளை கிணற்றடியிலும் கோயிலிலும் முகம் பார்க்க வேண்டுமே.

பண்பாட்டை ஒருபுறம் வைத்தாலும், கூட்டத்துக்கு ஆகும் முயற்சிக்கு ஏற்ற பலன் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் அபி கிரிஃபின், ஜோன் ஹவுசர் ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வு, வாடிக்கையாளர் தேவைகளைக் கண்டறிவதில் இரண்டு தனி நேர்காணல்கள் ஏறத்தாழ ஒரு குழுக் கலந்துரையாடலுக்குச் சமமாக இருந்ததைக் காட்டியது. எட்டுப் பேரைக் கூட்டுவதற்கு எடுக்கும் சிரமத்தில் இரண்டு பேரை மட்டுமன்றி நான்கைந்து பேரையே தனியே சந்தித்துவிடலாம் என்பதை நினைத்துப் பார்த்தால், கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது விளங்கும். குழுவாக இருத்திக் கேட்கும் முறை, 1940களில் றொபேட் மேர்ட்டன் முதலியோர் வானொலி நிகழ்ச்சிகளுக்கு நேயர்கள் எவ்வாறு எதிர்வினை காட்டுகிறார்கள் என்று அறிந்த வேலையிலிருந்து வளர்ந்தது. முன்னால் வைத்த ஒன்றுக்கு உடனே எழும் எதிர்வினையைப் பார்ப்பதற்கு அது இன்றும் நல்ல முறைதான். பொதியின் பெயரோ படமோ நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு கூட்டம் போதும். எதை உற்பத்தி செய்வது என்பதை அதிலே தீர்மானிக்க முற்படக் கூடாது.

வினாக்கொத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் மாணவர்கள் ஆய்வுக்காக இத்தகைய தாள்களோடு ஊர்களுக்கு வருவதால், சங்கங்களுக்கும் அதுவே அறிவியல் முறை என்ற எண்ணம் ஏற்பட்டிருக்கிறது. ஏற்கெனவே தெரிந்த ஒரு விடயம் எத்தனை பேருக்குப் பொருந்துகிறது என்று எண்ணிப் பார்ப்பதற்கு வினாக்கொத்து சிறந்தது. தெரியாததை அது கண்டுபிடித்துத் தராது, ஏனெனில் தாளில் இல்லாத கேள்விக்கு ஒருவரும் விடை எழுத முடியாது. மாவின் தரம் மிக நன்று, நன்று, சுமார் என்று மூன்று பெட்டிகளை வைத்தால் எங்கள் சனம் நன்று என்ற பெட்டியில் புள்ளடி போட்டுவிட்டுத் தாளைத் திருப்பித் தந்துவிடும்.

தொகை பெரிதாக இருந்தால் பிழை வராது என்ற நம்பிக்கையையும் இவ்விடத்தில் விட்டுவிட வேண்டும். 1985இல் கொக்கா கோலா நிறுவனம் தன் பானத்தின் சுவையை மாற்றுவதற்கு முன் ஏறத்தாழ 2,00,000 பேரிடம் சுவைச் சோதனை நடத்தியது. புதிய சுவையே நன்று என்று கூடுதலானோர் சொன்னார்கள். ஏப்ரலில் புதியது சந்தைக்கு வந்தது; மக்களின் கோபத்தால் 79 நாட்களில் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. எது சுவை என்று கேட்டவர்கள், பழையதை எடுத்துவிட்டால் என்ன நினைப்பீர்கள் என்பதை அந்த அளவுக்குக் கேட்கவில்லை. கண்காட்சிக் கூடத்தில் ஒரு துண்டுப் புட்டைக் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்கும் சங்கங்களும் இதே வழியில்தான் நடக்கின்றன.

இனித் தனி நேர்காணல். இதன் பலம் முழுவதும் என்ன கேட்கிறோம் என்பதில் தங்கியிருக்கிறது. எங்கள் மா பிடித்திருக்கிறதா, குரக்கன்மா செய்தால் வாங்குவீர்களா என்று கேட்டால், வீட்டுக்கு வந்தவரின் மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் விடையாக வரும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க விமானப்படையின் உளவியல் வேலைகளிலிருந்து ஜோன் பிளானகன் உருவாக்கி 1954இல் விரிவாக எழுதிய முறை ஒன்று இங்கே பெரிதும் உதவுகிறது: பொதுவான கருத்தைக் கேளாமல், உண்மையில் நடந்த ஒரு சம்பவத்தைக் கேட்டு, அதன் விவரங்களைத் தொடர்ந்து செல்வது. அடுத்த வாரம் என்ன செய்வோம் என்று சொல்வதில் நாங்கள் எல்லோரும் தாராளமானவர்கள். போன வெள்ளிக்கிழமை இரவு என்ன சமைத்தோம் என்பதில் அவ்வளவு கற்பனைக்கு இடமில்லை.

ஆகவே பேச்சு இப்படித் தொடங்க வேண்டும்: "அக்கா, கடைசியா எப்ப மா வாங்கினீங்கள்? ஆர் போய் வாங்கினது? அண்டைக்கு என்ன அவிச்சனீங்கள்?" விடை வந்ததும் அடுத்த கேள்வி அதிலிருந்தே பிறக்கும். கடைக்குப் போனவர் மகன் என்றால், அவனிடம் என்ன சொல்லி அனுப்பினார், அவன் எதைக் கொண்டுவந்தான், கடையில் இவர்களுடைய மா இல்லாதபோது என்ன நடந்தது என்று செல்ல வேண்டும். மா வாங்குபவர் ஒருவர், குழைப்பவர் இன்னொருவர், சாப்பிட்டுக் குறை சொல்பவர் மூன்றாமவர் என்பது எங்கள் வீடுகளில் சாதாரணம். கூட்டத்துக்கு வருபவர் இவர்களில் ஒருவராகத்தான் இருப்பார். வீட்டில் மூவரையும் சந்திக்கலாம்.

வீட்டில் சந்திப்பதால் கிடைக்கும் இன்னொன்றை எந்தத் தாளாலும் பெற முடியாது. தருமபுரத்தில் ஒரு வீட்டில் மாலைச் சமையல் நேரத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா புதிய பொதியை வெட்டி, மாவை அரிதட்டில் கொட்டி அரித்து, வெறுமையான பால்மாப் பேணி ஒன்றில் நிரப்பினார். பொதி உடனே அடுப்புக்குள் போயிற்று. பிறகு ஒரு சுண்டு மாவை எடுத்து, அதனோடு அரைச் சுண்டு அவித்த கோதுமைமாவைக் கலந்து, கொதிநீர் ஊற்றிக் குழைத்து, நீத்துப்பெட்டியில் போட்டார். மா நல்லம் என்று அதுவரை மூன்று முறை சொல்லியிருந்தார். எதற்காகக் கோதுமைமா சேர்க்கிறீர்கள் என்று கேட்டபோதுதான், "இந்த மாவைத் தனியக் குழைச்சால் புட்டுக் களியாப் போகுது பிள்ளை. இடியப்பத்துக்கு எண்டால் சோலியில்லை" என்றார். சொல்வதற்கு அவர் தயங்கவில்லை. அது மாவின் குறை என்றே அவர் எண்ணியிருக்கவில்லை.

இந்த ஒரு காட்சிக்குள், நமது சங்கம் செலவிட நினைத்த மூன்று வழிகளுள் இரண்டுக்கு விடை இருக்கிறது. மாவை இன்னும் மென்மையாக அரித்தால் இடியப்பம் உரலில் இலகுவாக இறங்கும், ஆனால் புட்டுக்கு நிலைமை மேலும் மோசமாகும். திறந்து மூடக்கூடிய பொதிக்குக் கொடுக்கும் காசு, மா பேணிக்குள் போகும் அந்தக் கணத்தில் வீணாகிறது. இதற்கு மேல், ஒருவரும் கேளாத நாலாவது வழி ஒன்றும் தெரிகிறது: கொஞ்சம் கப்பியோடு, அதாவது அரிதட்டில் தங்கும் குறுணியோடு, கூடிய புட்டு மாவும், அரித்த இடியப்ப மாவுமாக, புதிய இயந்திரம் எதுவும் இல்லாமலே இரண்டு வகையாகப் பிரிப்பது. பூநகரிப் பக்கத்து மொட்டைக் கறுப்பன் அரிசியில் செய்த புட்டை விரும்புகிறவர்கள் அதன் சுவையோடு அதன் உதிரித் தன்மையையும் சேர்த்தே விரும்புகிறார்கள் என்பதை நினைத்தால், இது தட்டிக் கழிக்கக்கூடிய யோசனை அன்று.

ஒரு சமையலறையை வைத்து முடிவெடுக்க முடியாது என்பது உண்மை. எத்தனை வீடு போதும் என்ற கேள்விக்கும் ஓரளவு நம்பக்கூடிய விடைகள் உண்டு. மேலே சொன்ன கிரிஃபின்–ஹவுசர் ஆய்வின்படி, ஒரே வகை வாடிக்கையாளரிடம் 20 முதல் 30 வரை நேர்காணல் செய்தால் தேவைகளில் 90 முதல் 95 சதவீதம் வெளிப்பட்டுவிடும். கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் செய்யப்பட்ட 60 நேர்காணல்களை ஆராய்ந்து கிரெக் கெஸ்ட் முதலியோர் 2006இல் வெளியிட்ட கட்டுரை, முதல் 12 நேர்காணல்களுக்குப் பின் புதிய கருத்து பெரும்பாலும் வரவில்லை என்று கண்டது. இவ்வெண்களை அப்படியே எடுத்துக்கொள்வதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: பேசப்படுபவர்கள் ஓரளவு ஒரே மாதிரியானவர்களாக இருக்க வேண்டும். வன்னி அப்படி இல்லை. இரணைமடுத் தண்ணீரில் இரண்டு போகமும் வயல் செய்யும் வீட்டில் சொந்த நெல் இருக்கும். அவர்கள் கடை மாவை விருந்தினர் வரும் நாளில்தான் தேடுவார்கள். கிளிநொச்சி நகரில் வாடகைக்கு இருக்கும் அரச ஊழியர் வாராவாரம் வாங்குவார். முல்லைத்தீவுக் கரையோரத்தில் கடற்றொழில் செய்யும் வீட்டின் சமையல் நேரமே வேறு. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் ரொட்டி சுடுவது கூடுதல். எல்லாரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் என்று எண்ணினால் ஒருவரையும் விளங்கிக்கொண்டதாகாது. நம் சங்கத்துக்கு நான் சொல்வது, மாதத்தில் ஒருமுறையாவது கடை மா வாங்கும் வீடுகளை மட்டும் முதலில் எடுத்து, நகரத்தில் ஒரு பன்னிரண்டு, விசுவமடுப் பக்கத்தில் ஒரு பன்னிரண்டு என்று நிறுத்திக்கொள்வது. இரண்டு பேர் சென்றால் சில வாரங்களில் முடியும்.

இதற்கு ஆகும் செலவை மறைக்க விரும்பவில்லை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ35 வீதியின் நீளம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர்; அதில் இறங்கி உள்வீதியால் நடக்க வேண்டிய வீடுகள் பல. காலபோக விதைப்பும் அறுவடையும் நடக்கும் நாட்களில் கூலி வேலைக்குச் செல்லும் பெண்களைப் பகலில் காண முடியாது. புட்டும் இடியப்பமும் காலையிலும் இரவிலும் அவிப்பவை என்பதால், முற்பகல் பத்து மணிக்குப் போய்க் கேட்டால் வெறும் பேச்சுத்தான் கிடைக்கும். பிற்பகல் நான்கு, ஐந்து மணிக்குப் பிறகு போனால் அடுப்படியைக் காணலாம். கூட்டத்தோடு ஒப்பிட்டால் இது மெதுவான வேலை. ஆனால் தேவையில்லாத அரிக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கி மூலையில் வைப்பதோடு ஒப்பிட்டால் இச்செலவு சிறிது.

யார் செல்வது என்பதும் எளிதான விடயம் அன்று. சங்கத் தலைவி சென்றால் பாராட்டுத்தான் வரும். மாவைத் தன் கையால் வறுத்தவர் சென்றால் குறை வரும்போது விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவார். அடுத்த ஊரைச் சேர்ந்த, பொறுமையாகக் கேட்கக்கூடிய ஓர் இளம் பெண் சென்றால், வயதானவர்கள் பிள்ளைக்குச் சமையல் சொல்லிக்கொடுப்பது போல விவரமாகச் சொல்வார்கள். இரண்டாமவர் அருகிலிருந்து, சொல்பவரின் சொற்களிலேயே எழுதிக்கொள்ளட்டும். களி, கப்பி, புளிப்பு என்று அவர் சொன்னதை அப்படியே எழுத வேண்டும். தரக்குறைவு என்று நாம் மாற்றி எழுதினால் எதைத் திருத்துவது என்று பிறகு தெரியாது.

வன்னிக்கே உரிய ஒரு கவனமும் வேண்டும், அதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கையில் படிவத்தோடு வந்து, வீட்டில் எத்தனை பேர், மாத வருமானம் என்ன என்று கேட்பவர் உதவி கொடுக்க வந்தவர் என்றே இங்கே கொள்ளப்படுவார். போரில் கணவரை இழந்தோ பிள்ளையைத் தேடிக்கொண்டோ இருக்கும் பெண்கள் தலைமை தாங்கும் வீடுகள் இங்கே அதிகம். குடும்பத்தைப் பற்றிய ஒரு கேள்வி, கேட்டவர் நினையாத காயத்தைத் திறந்துவிடும். மாவைப் பற்றி அறிவதற்கு அந்தக் கேள்விகள் ஒன்றுமே தேவையில்லை. வாசலிலேயே, நாங்கள் மா செய்து விற்கிறவர்கள், உதவித் திட்டம் எதுவும் கொண்டுவரவில்லை, உங்கள் சமையலைப் பற்றிக் கேட்க வந்தோம் என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்ன பிறகும் இருக்கச் சொல்லித் தேநீர் தருபவரிடம் கிடைக்கும் விடை நம்பத்தக்கது.

கடைக்காரரிடம் கேட்பது இதற்கு அடுத்த வழி. எந்தப் பொதி வண்டு பிடித்துத் திரும்பி வந்தது, எதைக் கேட்டு இல்லையென்று சென்றார்கள், மாரியில் எந்த மா கட்டிபட்டது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அவர் எந்தப் பொதியில் தனக்குக் கூடுதல் கழிவு, யார் கடனுக்குத் தருகிறார்கள் என்பதையும் சேர்த்தே பேசுவார். வீடுகளில் கேட்டவற்றைச் சரிபார்க்க அவர் நல்ல சாட்சி. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் திரும்பும்போது மாவும் தூளும் கட்டிக்கொண்டு போவதால், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ளவர்களை வாட்ஸ்அப்பில் கேட்கும் யோசனையும் உண்டு. அது அந்தச் சந்தைக்கு மட்டும் பொருந்தும். அவர்களுடைய விருப்பத்தைக் கேட்டுவிட்டு விசுவமடுவில் விற்கும் மாவை மாற்றக் கூடாது.

விலையைப் பொறுத்தமட்டில் நேர்காணலை நான் நம்புவதில்லை. 2022 நெருக்கடியில் கோதுமைமா விலை பலமடங்கு ஏறியதை அனுபவித்தவர்களிடம், இதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டால், கேள்வியே ஓர் அச்சத்தை எழுப்பும். விடை எப்போதும் குறைத்தே வரும். சென்ற முறை எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்கலாம். அதற்கு மேல் விற்றுத்தான் அறிய வேண்டும். விற்றுப் பார்க்கும் இடத்தையும் யோசிக்க வேண்டும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலிலோ ஆவணியில் மடுத் திருவிழாவிலோ கடை போட்டால் பொதிகள் பறந்துவிடும், ஆனால் அங்கே வாங்கியவர் மீண்டும் வாங்கினாரா என்பது தெரியவராது. நாளாந்தம் ஒரே ஆட்கள் வரும் இரண்டு கடைகளில், கிளிநொச்சியில் ஒன்று, புதுக்குடியிருப்பில் ஒன்று என்று வைத்து, இரண்டாம் முறை வாங்கியவர்களைக் கடைக்காரர் குறித்துத் தந்தால் அதுவே போதிய சான்று.

ஆகவே நமது சங்கம் தன் பணத்தைத் தொடாமல் முதலில் அந்த இருபத்துச் சொச்ச வீடுகளுக்குச் செல்லட்டும். புட்டுக் களியாகிறது என்பது நாம் எடுத்துக்கொடுக்காமலே பல வீடுகளில் தானாக வந்தால், கப்பியோடு கூடிய மாவில் ஒரு சிறு தொகையைச் செய்து, அதே வீடுகளுக்குத் திரும்பவும் கொண்டுபோக வேண்டும். அப்போது அதை இலவசமாகக் கொடுக்கக் கூடாது. இலவசமாகக் கொடுத்ததற்கு, நல்லம் பிள்ளை என்ற அதே விடைதான் வரும். கடை விலைக்கே விற்று, யார் காசு எடுத்துத் தந்தார், யார் அடுத்த கிழமை பார்ப்போம் என்றார் என்பதை வீட்டுக்கு வீடு எழுதிவைத்துக்கொண்டால், இயந்திரமா, பொதியா, குரக்கனா என்ற வாதத்தைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அந்தக் கொப்பியை விரித்து வைத்தே பேசலாம்.